காலி நாற்காலிக்கு யாரும் பூட்டுப் போடறதில்லை

ஆபீஸில் இந்த வாரம் ஆணி கம்மி. அதனால ரொம்ப நாளா டிராஃப்டில் தூங்கிட்டு இருந்த பதிவை எழுப்பி விட்டிருக்கேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

வருஷா வருஷம் ஜூன், ஜூலையில ஒரு செய்தி தவறாம வரும். ஏதோ ஒரு ஊர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியருக்கோ ஆசிரியருக்கோ மாறுதல். பிள்ளைங்க அழுவாங்க. பெத்தவங்க கேட்டைப் பூட்டிட்டு வெளியே உக்காந்துடுவாங்க. "எங்க சாரை எங்ககிட்டயே விட்டுடுங்க"ன்னு ஒரு அட்டை. வட்டாரக் கல்வி அலுவலர் ஜீப்பில் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும், மேலிடத்துக்குச் சொல்றோம்னு வாக்குக் கொடுப்பார், பூட்டைத் திறப்பாங்க. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு பக்கத்துல இருக்கிற வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பணி நிரவலில் மாத்தப்பட்ட ஆங்கில ஆசிரியரைப் பசங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டு போகவிடாம அழுத அந்தப் படம், வடநாட்டு டிவி வரைக்கும் போச்சு. மாறுதலைக் கொஞ்ச நாள் நிறுத்தியும் வெச்சாங்க.

அந்தப் படத்தைப் பாத்து எனக்கும் கண்ணு கலங்குச்சு. கல் நெஞ்சுக்காரன் இல்லைங்க நான் :-) ஆனா இந்தப் பூட்டு தப்பான நாள்ல விழுதுங்கறதுதான் நான் சொல்ல வந்தது. போறவரைத் தடுக்க இருநூறு பேர் வராங்க. அவர் போனப்புறம் அந்த நாற்காலி வருஷக்கணக்கா காலியா கிடந்தா இருபது பேர் கூட வர்றதில்லை.

முதல்ல பெத்தவங்க பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிடறேன். "சும்மா சென்டிமென்ட், சாட்டை படம் பாத்துட்டு வந்த கேஸுங்க"ன்னு ஆபீஸ் கேன்டீனில் பேசறவங்களைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு கிராமத்துல அம்மாவுக்குத் தன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் நல்ல பள்ளியா இல்லையான்னு எப்படித் தெரியும்? தேர்ச்சி விகிதம் பத்தாவதுக்குத்தான் வரும். மூணாவது படிக்கிற பையனுக்கு என்ன இருக்கு? ஹெச்.எம். இருக்கார். காலையில எட்டரைக்கு கேட்டுல நிக்கறாரா, ரெண்டு நாள் வராத பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பறாரா, கக்கூஸ்ல தண்ணி வருதா. அவங்க கையில இருக்கிற ஒரே ரிப்போர்ட் கார்டு அந்த மனுஷன்தான். அவர் போனா பள்ளிக்கூடமே போச்சுன்னு நினைக்கறது முட்டாள்தனம் இல்லை, அனுபவம்.

எங்க ஊரையே சொல்றேன். திருவாரூர் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. பேர் வேண்டாம். நானும் அதுல அஞ்சாவது வரைக்கும் படிச்சவன்தான், இப்ப அக்கா பையன் படிக்கிறான். அங்கே ஏழு வருஷமா ஒரு ஹெச்.எம். இருந்தார். அவர் வந்தப்போ வேன் ஏறி டவுனுக்குப் போயிட்டிருந்த பிள்ளைங்கள்ல பாதி திரும்பி வந்தாங்க. அதுக்கு அவர் ஒண்ணும் மந்திரம் போடலை. சாயங்காலம் டீக்கடையில உக்காந்து பெத்தவங்ககிட்ட பேசுவார், அவ்வளவுதான். 2024 ஜூலை கலந்தாய்வில் அவருக்கு சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கிடைச்சுது. அவரே கேட்டு வாங்கினது. வீட்ல வயசான அம்மா, சம்சாரத்துக்கு அங்கே வேலை.

சேதி பரவினதும் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. எங்க அக்காவும் உக்காந்திருக்கு. போன்ல "தம்பி, சார் போகக்கூடாதுடா"ன்னு ஒரே புலம்பல். நான் "ஏன்க்கா, உனக்கு அம்மா இருக்கிற ஊருக்கு மாத்தல் கிடைச்சா நீ போகமாட்டியா?"ன்னு கேட்டேன். "அது வேறடா"ன்னு வெச்சிட்டுது. இந்த "அது வேறடா"வுக்கு மேல நம்மகிட்ட பதில் கிடையாது :-(

அவர் போயிட்டார். போகவேண்டியதுதான். மாறுதல் கேக்கறது ஒரு அரசு ஊழியருக்கு உள்ள உரிமை. கலந்தாய்வு வர்றதுக்கு முன்னாடி மாறுதல் எப்படிக் கிடைச்சுதுன்னு உங்க வீட்ல ரிட்டயர்டு வாத்தியார் யாராச்சும் இருந்தா கேட்டுப் பாருங்க. எம்.எல்.ஏ. கடிதம், கவர், காத்திருப்பு. இப்போ காலியிடம் திரையில தெரியுது, சீனியாரிட்டிப்படி கூப்பிடறாங்க, தேர்ந்தெடுக்கறாங்க. அதிலும் ஓட்டை இருக்கு, காலியிடத்தைச் சில சமயம் மறைச்சுடறாங்கன்னு சங்கங்கள் அடிக்கடி புகார் சொல்லும். இருந்தாலும் பழசுக்கு இது எவ்வளவோ மேல். ஊர் அழுதுதுங்கறதுக்காக ஒருத்தரோட மாறுதலை நிறுத்தினா, நல்லா வேலை செஞ்ச ஆளுக்குத்தான் தண்டனை. சுமாரா வேலை செஞ்சவர் நிம்மதியா ஊர் போய்ச் சேருவார். அவருக்காக எவன் பூட்டுப் போடப் போறான்?

இன்னொண்ணும் இருக்கு, இது கொஞ்சம் கசக்கும். வெளியகரத்துப் பசங்க அழுததுக்கு அடுத்த மாசம், 2018 ஜூலையில், திருப்பூர் மாவட்டம் அவினாசி வட்டாரத்துல ஒரு அரசுப் பள்ளியிலும் பெத்தவங்க போராட்டம் பண்ணாங்க. எதுக்கு? சத்துணவு சமைக்க வந்த அம்மா பட்டியல் சாதிங்கறதுக்காக. அங்கேயும் அதிகாரிங்க முதல்ல பணிஞ்சாங்க, அந்த அம்மாவை மாத்தி உத்தரவு போட்டாங்க. அப்புறம் எதிர்ப்பு கிளம்பினதும் அதை ரத்து பண்ணாங்க. ரெண்டு இடத்துலயும் "பெற்றோர் கோரிக்கை"தான். ஒண்ணு நம்மளை அழ வெச்சுது, இன்னொண்ணு தலைகுனிய வெச்சுது. கூட்டம் கேட்டுதுன்னு உத்தரவை மாத்தற பழக்கம் வந்துட்டா, ரெண்டு கூட்டத்துக்கும் அது வேலை செய்யும். ஊர் பிடிக்காத சாதியில பொறந்த ஒரு நல்ல ஹெச்.எம்.முக்கு அந்த கலந்தாய்வு உத்தரவுதான் குடை.

அப்போ பெத்தவங்களுக்கு இதுல சொல்லே இருக்கக் கூடாதான்னு கேப்பீங்க. இருக்கிற ஊரைப் பாத்துட்டு வந்திருக்கேன். 2024 முதல் பாதியில் ஆன்சைட்டுக்காக சிகாகோவில் பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். (குளிர்... அதுக்குத் தனிப் பதிவே போடலாம்.) அங்கே 1988-ல வந்த சட்டப்படி பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கும் தனித்தனியா ஒரு பள்ளிக் கவுன்சில் இருக்கு. ஆறு பெற்றோர், ரெண்டு ஊர்க்காரங்க, ரெண்டு ஆசிரியர், கூட பிரின்சிபாலும் இன்னும் சிலரும். தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கறாங்க. அந்தக் கவுன்சில்தான் பிரின்சிபாலை நாலு வருஷ ஒப்பந்தத்துல நியமிக்குது, வருஷா வருஷம் மதிப்பிடுது, தொடரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுது. 2024 ஏப்ரல்ல அந்தத் தேர்தல் நடந்தப்போ எங்க டீம்ல இருந்த ஒருத்தர், மகள் படிக்கிற பள்ளியில போய் ஓட்டுப் போட்டுட்டு வந்தார். எனக்கு ஒரே ஆச்சரியம். அவர் சிரிச்சார். "ஆறு இடத்துக்கு அஞ்சு பேர்தான் நின்னாங்க. ஓட்டுப் போடாமலே எல்லாரும் ஜெயிச்சிருப்பாங்க"ன்னார். அதிகாரம் கையில இருக்கு, நிக்க ஆள் இல்லை. நம்ம ஊர்ல ஆள் இருக்கு, பூட்டைத் தவிர கையில ஒண்ணும் இல்லை.

அதை அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டு வரலாமான்னு கேட்டா, நான் வேண்டாம்பேன். மேலே சொன்ன அவினாசிக் கதைதான் காரணம். ஊர் ஓட்டுப் போட்டு ஹெச்.எம்.மைத் தேர்ந்தெடுத்தா, ஊர்ல எந்தத் தெரு பெருசோ அந்தத் தெரு ஹெச்.எம்.தான் வருவார்.

சரி, திருவாரூருக்குத் திரும்புவோம். சார் போனார்னு சொன்னேன் இல்லையா, அவர் இடத்துக்கு யார் வந்தாங்க? யாரும் வரலை. கலந்தாய்வு நடக்கிற விதம் அப்படி. ரோட்டோரப் பள்ளி, டவுன் பள்ளி எல்லாம் முதல்ல போயிடும். பஸ் ஒருநாளைக்கு நாலு தடவை வர்ற ஊரை சீனியர் யாரும் தொடமாட்டாங்க. மிச்சத்தைப் பதவி உயர்வுல நிரப்பணும். அதுவும் சிக்கல்ல கிடந்தது. பதவி உயர்வுக்கு தகுதித் தேர்வு, அதாங்க டெட், கட்டாயம்னு 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 செப்டம்பர் 1-ல வந்த தீர்ப்பும் பதவி உயர்வுக்கு டெட் வேணும்னுதான் சொல்லுது. தீர்ப்பு சரியா தப்பாங்கற சண்டைக்கு நான் வரலை. வழக்கு நடக்கிற வருஷமெல்லாம் பிள்ளைங்க வகுப்பு மாறிக்கிட்டேதான் இருந்தாங்க, அவ்வளவுதான் என் கவலை.

நாற்காலி காலின்னா பள்ளிக்கூடம் மூடிக் கிடக்காது. "பொறுப்பு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. இருக்கிறதுல சீனியர் டீச்சர் தலையில கட்டிடுவாங்க. எங்க பள்ளியில அது நாலாவது டீச்சர். அக்கா பையன் அப்போ நாலாவது. இப்போ அந்த டீச்சரோட ஒரு நாளைப் பாருங்க. காலை உணவு எத்தனை பேருக்குன்னு கணக்கு. எமிஸ்ல வருகைப் பதிவு, சர்வர் படுத்தா திரும்பவும் பதிவு. சத்துணவு முட்டைக் கணக்கு. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வர்றவங்க. வங்கிக்கு ஒரு நடை. வட்டார வள மையத்துல கூட்டம். நலத்திட்டப் புத்தகம், காலணி, பை வாங்க ஆட்டோ ஏற்பாடு. இதெல்லாம் ஹெச்.எம். வேலை. இதுக்கு நடுவுல வகுப்பு. நடக்குமா? நாலாவதையும் அஞ்சாவதையும் ஒண்ணா உக்கார வெச்சாங்க. "மாமா, நான் இப்பவே அஞ்சாவது"ன்னு பையன் போன்ல பெருமையா சொன்னான்.

டீச்சரைக் குத்தம் சொல்லவே முடியாது. எங்க டீம்ல மேனேஜர் போயிட்டா புது மேனேஜர் வர்ற வரைக்கும் ஒருத்தன் தலையில கட்டுவாங்க இல்லையா, அவன் கோடும் எழுதமாட்டான், மேனேஜ்மெண்ட்டும் பண்ணமாட்டான், தினம் எட்டு மீட்டிங்ல முழிச்சுக்கிட்டு இருப்பான். ஆனா எங்களுக்கு அது ரெண்டு மாசம். அந்த டீச்சருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்க.

அந்த ஒரு வருஷம் பூட்டுப் போட்டாங்களா? இல்லை. ஒரு மனு? இல்லை. ஏன்னு அக்காகிட்ட கேட்டேன். "பாவம்டா டீச்சர், அவங்களுக்கு எதிரா நிக்கற மாதிரி ஆயிடும்"னுது. யோசிச்சுப் பாத்தா இதுதான் விஷயம். போறவருக்கு முகம் இருக்கு, அதனால போராட்டத்துக்கும் முகம் கிடைக்குது. காலியிடத்துக்கு முகம் கிடையாது. அதுக்கு எதிரா கத்தினா பக்கத்துல நிக்கற டீச்சரைக் கத்தற மாதிரி ஆயிடுது. அரசாங்கத்துக்கும் இது வசதி. அழற கூட்டத்துக்குத்தான் ஜீப் அனுப்பணும், அமைதியா இருக்கிற கூட்டத்துக்கு ஒண்ணும் அனுப்ப வேண்டாம்.

இத்தனைக்கும் சட்டம் பெத்தவங்க பக்கம்தான். மாறுதலை நிறுத்துன்னு கேக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனா காலியிடத்தைப் பத்திக் கேக்க இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 26-வது பிரிவை எடுத்துப் படிங்க. ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடத்துல பத்து சதவீதத்துக்கு மேல காலியா இருக்கக் கூடாது. மாநிலத்துக்கு மொத்தமா இல்லைங்க, பள்ளிக்குப் பள்ளி. அஞ்சு பணியிடம் இருக்கிற பள்ளியில் ஒண்ணு காலின்னாலே இருபது சதவீதம். நடுநிலைப் பள்ளி ஹெச்.எம்.மும் வகுப்பெடுக்கிற ஆசிரியர்தான், அதனால அவரும் கணக்குல வருவார்னுதான் நான் படிக்கிறேன். அதே சட்டத்தோட அட்டவணையில, ஆறுலருந்து எட்டு வரைக்கும் நூறு பிள்ளைக்கு மேல இருந்தா முழுநேரத் தலைமையாசிரியர் வேணும்னும் இருக்கு.

யார் கேக்கறது? அதே சட்டத்துல 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு. நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதி பெண்கள். ரொம்ப வருஷம் இது தீர்மான நோட்டுல கையெழுத்து வாங்கற குழுவாத்தான் இருந்தது. 2022-ல தமிழ்நாடு முழுக்கத் திருத்தி அமைச்சாங்க, தலைவரும் பெற்றோர்னு ஆச்சு. 2024-ல மறுபடியும் புதுக் குழு, முன்னாள் மாணவர்களையும் சேர்த்து. ஆசிரியர் காலியிடத்துக்குத் தற்காலிக ஆள் போட 2022-ல இந்தக் குழு மூலமா அனுமதிச்சாங்க, இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 ரூபாய்னு. (அந்தச் சம்பளத்தைப் பத்தித் தனியா திட்டணும்.) ஆனா ஹெச்.எம். நாற்காலிக்குத் தற்காலிக ஏற்பாடுன்னா "பொறுப்பு" மட்டும்தான்.

பொட்டி தட்டறவனா எனக்கு இதுல ஒரு வயித்தெரிச்சல். எந்த ஹெச்.எம். எந்த மாசம் ஓய்வு பெறுவார்ங்கறது அவர் வேலையில சேர்ந்த அன்னிக்கே தெரியும். பிறந்த தேதி இருக்கு, ஓய்வு வயசு 2021-லருந்து அறுபது. எமிஸ்ல அத்தனை பள்ளியும், அத்தனை ஆசிரியரும், பிள்ளையோட ரத்த வகை முதல்கொண்டு இருக்கு. அடுத்த ஜூன்ல எந்தெந்த நாற்காலி காலியாகும்னு ஒரு எஸ்.க்யூ.எல். க்வெரியில எடுத்துடலாம், ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகாது. மாறுதல் கேக்கறவங்க விண்ணப்பத்தையும் முன்னாடியே வாங்கி ஏப்ரல், மே லீவுலயே கலந்தாய்வை முடிச்சா பள்ளி திறக்கிற அன்னிக்கு புது ஆள் கேட்டுல நிப்பார், பழைய ஆளும் ரெண்டு நாள் கூட நின்னு சாவியையும் விஷயங்களையும் ஒப்படைச்சுட்டுப் போவார். அதை விட்டுட்டு ஜூலையில, பாடம் நடத்த ஆரம்பிச்சப்புறம் உருவி எடுத்தா பிள்ளை அழத்தான் செய்யும்.

2024 ஆகஸ்ட்ல புதுக் குழு அமைச்சப்போ அக்கா உறுப்பினர் ஆச்சு, பூட்டுப் போராட்டத்துல முன்வரிசையில இருந்த புண்ணியம். ஆனா காலியிடத்தைப் பத்திப் பேசினது 2025 ஏப்ரல்லதான். நான் லீவுக்குப் போனப்போ ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து மூணு கேள்வி எழுதினோம். பணியிடம் எந்தத் தேதியிலருந்து காலி? பொறுப்பு ஆசிரியரோட வகுப்புக்கு யார் பாடம் நடத்தறாங்க? அடுத்த கலந்தாய்வுக்கான காலியிடப் பட்டியல்ல இந்தப் பள்ளி பேர் இருக்கா? பொறுப்பு டீச்சர்கிட்ட முதல்லயே சொல்லிட்டாங்க. அவங்க "அப்பாடா"ன்னாங்களாம். குழுத் தீர்மானமா போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபால்ல அனுப்பினாங்க. கோஷம் இல்லை, பேப்பர்ல போட்டோ இல்லை.

ஜூலையில புது ஹெச்.எம். வந்துட்டாங்க. தீர்மானத்தாலயா, தானா நடந்ததான்னு சொல்லத் தெரியலை. ஆனா கூத்து அப்புறம்தான் ஆரம்பிச்சுது. அந்த மேடம் டீக்கடைக்கு வரமாட்டாங்க, வரவும் முடியாது. அதிகம் பேசமாட்டாங்க. ஆண்டு விழா செலவுக்குக் கணக்குக் கேட்டாங்க. "பழைய சார் மாதிரி இல்லை"ன்னு ஊர்ல ஒரே பேச்சு. ரெண்டு பேர் பிள்ளைங்களை வேன்ல ஏத்திட்டாங்க. அக்காவும் முதல்ல அந்தக் கட்சிதான். போன வாரம் பேசினப்போ வேற ஒரு சேதி சொல்லிச்சு. மேடம் நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்களைத் தனித்தனியா உக்கார வெச்சு வாசிக்கச் சொல்லிப் பாத்தாங்களாம். போன வருஷம் விட்டுப்போனது எவ்வளவுன்னு ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா எழுதி, குழுக் கூட்டத்துல படிச்சாங்களாம். அக்கா பையன் பேரும் அதுல இருந்தது. கழித்தல்ல கடன் வாங்கத் தெரியலையாம்.

"சார் இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சுட்டு, அக்கா பாதியில நிறுத்திடுச்சு. அப்புறம், "சனிக்கிழமை வீடியோ கால்ல அவனுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்லித் தாடா தம்பி"ன்னுது.

டிஸ்கி: நம்ம பதிவர்கள்ல ஆசிரியர்கள் நிறைய பேர் இருக்கீங்க. பொறுப்பு ஹெச்.எம்.மா இருந்தவங்க அந்தப் பக்கத்துக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. 26-வது பிரிவை வெச்சு எந்த ஊர்லயாவது மனு போட்டு பதில் வாங்கியிருந்தா, அந்தப் பதில்ல என்ன எழுதியிருந்ததுன்னு கண்டிப்பா சொல்லுங்க. அக்கா கேக்கச் சொல்லுச்சு :-)